மாறும் காடும் மாறாத சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வேலப்பன்சாவடியில் கூடியுள்ள அவைக்குக் காட்டைப் பற்றிய பேச்சு சற்றுத் தொலைவானதாகத் தோன்றக்கூடும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையின் இரைச்சலுக்கு நடுவே சோலைக்கும் புல்வெளிக்கும் என்ன வேலை என்று கேட்கலாம். ஆயினும் இவ்வூரின் பெயரிலேயே குறிஞ்சி நிலத் தெய்வம் நிற்கிறான். இங்கிருந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் திருவேற்காடு. ஞானசம்பந்தர் பாடிய அத்தலத்தின் மரம் வெள்வேல். வேல மரங்கள் அடர்ந்த காடு என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் திருவாலங்காடு இருக்கிறது. அது ஆல் நிறைந்த காடு. காடுகள் மறைந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. பெயர்கள் மட்டும் மறையவில்லை.

இன்று இப்பகுதியின் ஏரிக்கரைகளிலும் வெற்று மனைகளிலும் விதைப்பார் இன்றியே முளைத்து நிற்பது சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. வேல் என்னும் ஒரே சொல் தலமரமாகிய வெள்வேலையும் தாங்குகிறது. வந்தேறிய சீமைக்கருவேலையும் தாங்குகிறது. சொல்லை மட்டும் கேட்பவருக்கு மரம் மாறிய செய்தி எட்டுவதில்லை. இவ்வாறு காடு மாறிய பின்னும் சொல் மாறாது நிற்பதால் விளையும் மயக்கத்தையும், அம்மயக்கத்தைத் தீர்க்க அறிவியலாளரும் கலைஞரும் கதையின் வழியே கூடி மேற்கொண்ட முயற்சிகளையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

திணை என்னும் கூட்டறிவு

தொல்காப்பியர் வகுத்த அகத்திணைக் கோட்பாடு முதல், கரு, உரி என மூன்று பொருள்களைக் கொண்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தர் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இன்றைய பல்கலைக்கழகத் துறைப் பிரிவின்படி நோக்கினால், முதற்பொருள் புவியியலாருக்கும் வானிலை ஆய்வாளருக்கும் போயிற்று. கருப்பொருள் தாவரவியலாருக்கும் விலங்கியலாருக்கும் மானிடவியலாருக்கும் போயிற்று. உரிப்பொருள் ஒன்றே கவிஞரிடம் எஞ்சியது. பண்டைப் புலவரோ இம்மூன்றையும் ஒரு பாட்டுக்குள் கையாண்டனர்.

இதற்குத் தலைசிறந்த சான்று கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன என்பது மாணவரும் அறிந்த செய்தி. அப்பட்டியல் எங்கே அமைந்துள்ளது என்பது அந்த அளவுக்குக் கருதப்படுவதில்லை. தலைவி ஒருவனை எவ்வாறு சந்தித்தாள் என்று தோழி செவிலித்தாய்க்குக் கூறும் கதையின் நடுவிலே அது வருகிறது. தினைப்புனம் காத்தது, அருவியில் ஆடியது, பூக்களைக் கொய்து பாறைமேல் குவித்தது, அதன்பின் அவன் வந்தது எனக் கதை நடக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்வைக் காக்கும் பொருட்டு அறத்தொடு நிற்கும் தோழி, தன் சொல்லுக்குச் சான்றாக அந்த மலையையே கொண்டுவந்து நிறுத்துகிறாள். பெயர்கள் துல்லியமாக இருப்பதனால்தான் கதை நம்பத்தக்கதாகிறது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது என்னும் பழங்குறிப்பையும் சேர்த்து எண்ணினால், ஒரு நிலத்தை அறியாத அயலாருக்கு அறிவிக்கும் வழி கதையே என்று கபிலர் கருதினார் எனலாம்.

அப்பூக்களுள் பலவற்றின் அடையாளம் பிற்காலத்தில் மறந்து போயிற்று. ஆட்சிப் பணியில் இருந்தவாறே சங்க இலக்கியச் செடிகொடிகளை ஆராய்ந்த பி.எல்.சாமியும், தாவரவியல் அறிஞர் கு.சீநிவாசனும் அவற்றை இன்றைய தாவரங்களோடு பொருத்திக் காட்டப் பெரிதும் உழைத்தனர். புலவரின் சொல்லை மீட்க அறிவியலாளர் வர வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

பசுமை என்னும் மயக்கம்

உதகையையும் கொடைக்கானலையும் பாடாத கவிஞர் அரியர். பச்சைப் பட்டு விரித்த மலைகள் என்றும், வானளாவிய மரங்களின் அணிவகுப்பு என்றும் எழுதப்பட்ட வரிகளுக்குக் கணக்கில்லை. அப்பச்சை எது, அம்மரங்கள் எவை என்று கேட்டால் விடை மனத்தை வருத்தும்.

நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதி இயல்பில் இருவகை நிலங்களின் கலப்பாகும். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் குட்டையான, அடர்ந்த சோலைக்காடு. முகடுகளிலும் சரிவுகளிலும் பரந்த புல்வெளி. இவ்விரண்டும் சேர்ந்து மழைநீரைத் தாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. சங்கப் புலவர் வருடை எனக் குறித்ததும், இன்று தமிழ்நாட்டின் மாநில விலங்காக விளங்குவதும் ஆகிய வரையாடு மேய்வது அப்புல்வெளியிலேதான். குறிஞ்சி பூப்பதும் அங்கேதான். மரம் இல்லாத நிலம் வீண் நிலம் என்று எண்ணிய ஆங்கில ஆட்சியாளர், 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைலமரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்தனர். விடுதலைக்குப் பின்னரும் தொழிற்சாலைகளின் தேவைக்காகப் புல்வெளிகளில் அம்மரங்களை நடும் பணி தொடர்ந்தது. சீகை விதை மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, வாய்ப்பு வந்தபோது முளைக்கும் தன்மை உடையது. வெட்டினாலும் அது எளிதில் ஒழியாது.

விளைவு என்ன? பழனி மலைப் புல்வெளிகளைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குள் அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது என்று காட்டியது. அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டவை பெரும்பாலும் அயல்மரத் தோட்டங்களும் வேளாண்மையும் ஆகும். ஆக, பச்சைப் பட்டு என்று பாடப்பட்டதிற் பெரும்பகுதி ஓர் இழப்பின் மேற்போர்வை. பாடியவர்மீது குற்றமில்லை. அவர் கண்டது அதனைத்தான். அவருக்கு முன் இருந்ததைச் சொல்ல எவரும் இல்லை. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இந்நிலையைத் தெளிவாக விளக்கினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் பிறந்தபோது கண்ட நிலையையே இயல்பான நிலை என்று கொள்கிறது. ஆகையால் இழப்பு தலைமுறைதோறும் கணக்கில் வராமல் போகிறது என்பது அவர் கருத்து. இக்கணக்கை எழுதி வைக்க வேண்டியவர்களுள் கவிஞரும் ஒருவர் அல்லரோ?

தோடர் பாட்டும் கோயிற் புல்லும்

நீலகிரியில் அக்கணக்கைப் பாட்டாகவே வைத்திருந்தவர்கள் தோடர். திராவிட மொழி ஒன்றைப் பேசும் அச்சிறு சமூகத்தின் பாடல்களை மொழியியலறிஞர் எம்.பி.எமனோ 1930களில் திரட்டி, 1971இல் பெருநூலாக வெளியிட்டார். இரண்டிரண்டாக இணைந்து வரும் தொடர்களால் ஆகியவை அப்பாடல்கள். மலைமுகடு, மந்து, எருமைத் தொழுவம், ஊற்று என ஒவ்வோர் இடமும் அங்கே தன் பெயரோடு வருகிறது.

தோடரின் கோயிற்கூரை குறிப்பிட்ட ஒரு புல்லால் வேயப்படுவது. மலைச் சதுப்புகளில் மட்டும் வளரும் அப்புல், சதுப்புகள் வற்றியும் தோட்டங்களாகியும் போனமையால் அரிதாகிவிட்டது. உதகையில் பல் மருத்துவராகத் தொழில் புரியும் தருண் சாப்ரா தோடரோடு பல்லாண்டு பழகி, அவர்தம் தாவர அறிவைப் பதிவு செய்து 2015இல் நூலாக்கினார். புல்வெளிகளை மீட்கும் பணியிலும் ஈடுபட்டார். புல் அழிந்தால் கூரை வேய முடியாது. கூரை வேய முடியாதபோது சடங்கு நிற்கும். சடங்கு நின்றபின் பாட்டிலுள்ள சொல் எதனைச் சுட்டும்? ஒரு சதுப்பு நிலத்தின் வற்றுதல் ஒரு மொழியின் வற்றுதலாக முடிவதை இங்கே காண்கிறோம்.

வால்பாறை: அழிந்த கதையும் முளைக்கும் கதையும்

ஆனைமலையில் வால்பாறைப் பகுதியின் மழைக்காடு, 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கித் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்காக அழிக்கப்பட்டது. அவ்வரலாற்றைக் கதையாக்கியவர் அங்கே தோட்ட மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச்.டேனியல். அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ என்னும் நாவல் 1969இல் வெளிவந்தது. அதனை இரா.முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் தமிழாக்கினார். நெல்லைச் சீமையிலிருந்து ஆசை வார்த்தை காட்டி அழைத்து வரப்பட்ட ஏழை மக்கள், குளிரிலும் மலேரியாவிலும் அட்டைக்கடியிலும் மடிந்த செய்தியை ஒரு மருத்துவரின் கண் அங்கே காண்கிறது. காடு அழிந்ததும் மனிதர் அழிந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்பதை இறப்புக் கணக்கு மட்டும் உணர்த்தியிருக்க இயலாது. அதற்குக் கதை தேவைப்பட்டது.

அதே வால்பாறையில் இன்று நேர்மாறான கதை ஒன்று நடந்து வருகிறது. தோட்டங்களுக்கிடையே தீவுகள்போல் எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளை மீட்டெடுக்கும் பணியில், நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சார்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் முதலிய ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து ஈடுபட்டுள்ளனர். சாலையோரங்களில் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைத் திரட்டி, நாற்றாக்கி, களைச்செடி மண்டிய நிலத்தில் நடுகின்றனர். இயற்கையில் அவ்விதைகளை இடம்பெயர்த்து விதைக்கும் உழவன் இருவாச்சிப் பறவை. அது பழத்தை விழுங்கி விதையைத் தொலைவில் உமிழ்கிறது. வெடிபலா பூத்தால் சோலைமந்திக்கு உணவு. ஒன்றின் வாழ்வு மற்றொன்றின் கதையாகத் தொடர்கிறது.

அவ்விருவரும் எழுதி, நிருபா ராவ், சர்தாஜ் குமன் ஆகிய ஓவியர்களின் படங்களோடு 2018இல் வெளிவந்த ஆங்கில நூல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெருமரங்களைப் பற்றியது. அடர்ந்த மழைக்காட்டில் ஒரு மரத்தை அடிமுதல் முடிவரை ஒரே பார்வையில் அடக்குவது புகைப்படக் கருவிக்கு அரிது. முன்னே நிற்கும் மரங்கள் மறைக்கும். ஓவியரோ பல நிலைகளில் நின்று பார்த்ததையும், ஆய்வாளர் கூறும் இலையடுக்கையும் கிளைப் பிரிவையும் கூட்டி, முழுமரத்தைத் தாளில் எழுப்புகிறார். அறிவியலின் துல்லியமும் கலையின் முழுமையும் ஒன்றையொன்று வேண்டி நிற்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

ஒருவரே இருவராக

இவ்விரு ஆற்றல்களும் ஒருவரிடமே அமைந்த அருமைக்கு மா.கிருஷ்ணன் சான்று. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகிய அ.மாதவையாவின் மைந்தர் அவர். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பைசனிடம் தாவரவியல் கற்று, அவரோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்றார். பைசனின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் பயின்றார். பைசன் எழுதிய நீலகிரி, பழனி மலைத் தாவர நூலுக்குப் படம் வரைந்தவர்களுள் அவ்வம்மையாரும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது.

‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு தொடங்கி, மறையும் வரையில் நாற்பத்தாறு ஆண்டுகள் கிருஷ்ணன் இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். அவற்றுக்குப் பெரும்பாலும் அவர் கையே படமும் வரைந்தது. அயல்நாட்டு அழகு மரங்களை இந்நாட்டு மண்ணில் நடுவதை விடாது எதிர்த்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு.தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் பெயரில் தொகுத்தளித்தார். காட்டைப் பற்றித் தமிழில் அறிவியல் பிழையின்றியும் சுவை குன்றாமலும் எழுத இயலும் என்பதற்கு அத்தொகுப்பு போதிய விடை.

கதை செய்யும் வேலை

கதையினால் காட்டுக்கு என்ன பயன் என்று ஐயுறுவோர் உண்டு. இரண்டு செய்திகள் இங்கே கூறத்தக்கன.

முதலாவது, ஜெயமோகன் எழுதி 2011இல் வெளிவந்த ‘யானை டாக்டர்’ என்னும் கதை. தமிழ்நாடு வனத்துறையில் யானை மருத்துவராகப் பல்லாண்டு பணியாற்றி 2002இல் மறைந்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தியைத் தலைமை மாந்தராகக் கொண்டது அது. சுற்றுலாச் செல்வோர் உடைத்தெறியும் மதுப்புட்டியின் சில்லு யானையின் காலில் ஏறி, அவ்வளவு பெரிய உயிரை அணுவணுவாக வதைக்கும் செய்தியை அக்கதை கூறுகிறது. காட்டில் கண்ணாடி எறியாதீர் என்னும் அறிவிப்புப் பலகைகள் எத்தனையோ உண்டு. அவற்றால் தொடப்படாத நெஞ்சங்களை அக்கதை தொட்டது. ஆர்வலர் பலர் அதனைத் தனிநூலாக அச்சிட்டு விலையின்றி வழங்கினர். ஒரு மருத்துவரின் வாழ்நாள் அறிவு, கதையாகியபோது பொதுமக்களின் மனச்சான்றாயிற்று.

இரண்டாவது, கூடலூர்ப் பகுதியில் பிறந்த உண்ணிச்செடி யானைகள். வேலி அழகுக்காக 19ஆம் நூற்றாண்டில் இந்நாட்டுக்கு வந்த உண்ணிச்செடி, இன்று முதுமலை உள்ளிட்ட காடுகளின் தரையை மூடி, யானைக்கும் மானுக்கும் உரிய புல்லை வளரவிடாமல் செய்கிறது. யானை ஆய்வாளர் தர்ஷ் தெக்கேகராவும் வடிவமைப்பாளர் சுப்ரா நாயரும் கூடி மேற்கொண்ட முயற்சியால், பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் முதலிய பழங்குடிக் கைவினைஞர்கள் அச்செடியின் தண்டுகளை வெட்டிப் பதப்படுத்தி, இரும்புச் சட்டத்தின்மேல் வளைத்து, உயிரளவு யானைகளை உருவாக்கினர். அவை கற்பனை யானைகள் அல்ல. கூடலூர்த் தோட்டங்களில் மனிதருக்கு அருகே வாழும் குறிப்பிட்ட யானைகளின் சாயலில் செய்யப்பட்டவை. 2021இல் அவை இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் பெங்களூரு லால்பாக்கிலும், பின்னர் அமெரிக்க நகரங்களிலும் நின்றன. காட்டைக் கெடுக்கும் செடியே காட்டின் தூதாகிய விந்தை இது. கைவினைஞர்க்கு ஊதியமும் கிடைத்தது. காட்டிலிருந்து களையும் அகன்றது.

கதைக்கும் ஒரு காப்பு

இவ்வளவு கூறிய பின்னர், கதையின் தீங்கையும் மறைத்தல் ஆகாது. உண்மையினின்று விலகிய கதை காட்டைக் கெடுக்கவும் வல்லது. மரமே காடு, மரம் நடுவதே அறம் என்னும் கதையை எண்ணிப் பாருங்கள். கேட்க இனிய அக்கதைதான் மலைப்புல்வெளிகளை வெற்று நிலம் என்று கருதச் செய்து, அவற்றின்மேல் அயல்மரங்களை ஏற்றியது. கவிதையும் மேடைப்பேச்சும் இன்றும் அதற்குத் துணைபோகின்றன. புல்வெளியைப் புல்வெளியாகவே காக்க வேண்டும் என்று கூறும் பாட்டுத் தமிழில் அரிது.

எனவே கதை சொல்லும் கலைஞருக்கு அறிவியலாளரின் காப்பு வேண்டும். இது எந்த மரம், எவ்வூரது, எந்தப் பருவத்தில் பூக்கும், முன்பு இங்கே எது இருந்தது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை அறிந்தபின் பாடும் பாட்டே மெய்ப்பாட்டுக்கு உரியது. அறிவியலாளருக்கும் கலைஞரின் துணை வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்னும் எண் ஆய்வேட்டில் கிடக்கிறது. அதனைக் கேட்டு ஒருவர் கண்கலங்க வேண்டுமாயின், அம்மேய்ச்சலை இழந்த வருடையும், கூரை வேயப் புல்தேடி அலையும் தோடரும் கண்முன் வரவேண்டும்.

வடபுலம் தரும் நெடும்பார்வை

இத்தகைய கூட்டுமுயற்சிகளுக்கு வடபுல நாடுகளில் நீண்ட காலத் திட்டமும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எச்.ஜே.ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காடு என்று ஒன்றுள்ளது. அங்கே வீழ்ந்த மரங்கள் எவ்வாறு மட்கி மண்ணாகின்றன என்று அறிய 1985இல் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அதன் காலவரை 200 ஆண்டுகள். தொடங்கியவர் முடிவைக் காணப்போவதில்லை என்று அறிந்தே தொடங்கினார். அதனைக் கண்ட எழுத்தாளர்கள் 2003இல் தமக்கும் அவ்வாறே ஒரு திட்டம் வகுத்தனர். 2203 வரையில், தலைமுறை தலைமுறையாகக் கவிஞரும் எழுத்தாளரும் அக்காட்டில் தங்கி, குறித்த இடங்களுக்குச் சென்று, கண்டதை எழுதுவது என்பது ஏற்பாடு. 2023இல் எழுந்த பெருந்தீ அக்காட்டின் பெரும்பகுதியில் பரவியது. தீக்கு முன் இருபது ஆண்டுகள் எழுதப்பட்ட கவிதைகள் இன்று தீக்கு முந்தைய காட்டின் சாட்சியங்கள். அலாஸ்காவில், கடுந்தீக்குப் பின் ஊசியிலை மரங்கள் நின்ற இடத்தில் அகன்ற இலை மரங்கள் எழுவதை ஆராயும் அறிஞரோடு ஓவியரும் நாடகக் கலைஞரும் கவிஞரும் 2008ஐ ஒட்டிய காலம் முதல் இணைந்து உழைக்கின்றனர்.

அங்கே புதிதாகக் கண்ட நெறி இங்கே திணை என்னும் பெயரால் பழமையானது. ஆயின், அவர்கள் செயலாற்றுகிறார்கள். இங்கே திணை பெரும்பாலும் தேர்வு வினாவாக நிற்கிறது.

இவ்வட்டம் செய்யத்தக்கது

கவிஞர் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவிலோ, அருகிலுள்ள ஏரிக்கரையிலோ, கூவம் ஆற்றங்கரையிலோ உள்ள ஒரு மரத்தையேனும் பெயரறிந்து, அது துளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் ஆண்டுதோறும் நாள் குறித்து எழுதி வருக. இரண்டு, ஆண்டுக்கு ஒரு கூட்டத்திலேனும் தாவரவியல் ஆசிரியர் ஒருவரை அழைத்து, சங்கப் பாடல் ஒன்றை அவரோடு சேர்ந்து படித்திடுக. மூன்று, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் எந்த மரம் நின்றது, எந்த ஏரியில் எந்தப் பறவை வந்தது என்று முதியோரைக் கேட்டு அவர்தம் சொற்களிலேயே பதிந்து வைத்திடுக. அம்முதியோர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும்.

மலைவாழ் மக்கள் தம் வயதைக் குறிஞ்சிப் பூப்பினால் கணித்தனர் என்பர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி கொடைக்கானல் மலையில் 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல் எதிர்பார்க்கப்படுகிறது. புல்வெளி எஞ்சியிருக்கும் இடங்களிலேதான் அது பூக்கும். பத்தாண்டு கண்ட இவ்வட்டம் குறிஞ்சியின் கணக்கில் இன்னும் ஒரு வயது நிறையவில்லை. நிறையும்போது இவ்வட்டத்தின் ஏட்டில் கவிதைகளோடு, வேற்காட்டின் எஞ்சிய வேல மரங்களைப் பற்றிய ஒரு நேரிய குறிப்பும் இருக்குமாயின், பின்வரும் புலவர்க்கு அது பெருஞ்செல்வம் ஆகும்.

இலக்கிய வட்டம் பல்லாண்டு வளர்க.